காதும் வாயும் முதலில்: பேச்சு, மொழி சிகிச்சைத் துறைக்கு ஒலியியல் படிப்பது எப்படி?

பேச்சு, மொழி சிகிச்சையாளர் ஆக விரும்பும் மாணவர்கள் முதலில் கேட்பது எங்கே படிக்கலாம், என்ன தகுதி வேண்டும் என்பதைத்தான். அதற்கான பதில் சின்னது, முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி வேறொரு கேள்விக்கு: வகுப்பில் போய் உட்காருவதற்கு முன்பே ஒலியியலையும் மொழியியலையும் சொந்தமாக எப்படித் தொடங்குவது? வீட்டில் தமிழ் புழங்குபவருக்கு இதில் பெரிய அனுகூலம் உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

படிக்கும் இடங்கள்

பாசிர் ரிஸ்வாசிகளுக்கு மிக அருகில் இருப்பது பக்கத்து நகரான பொங்கோலில் உள்ள சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம், எல்லோரும் சொல்லும் பெயரில் எஸ்.ஐ.டி. பேச்சு, மொழி சிகிச்சைக்கான நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பை அது 2020இல் தொடங்கியது. உள்ளூரில் இத்துறைக்கான முதல் இளநிலைப் பட்டம் அதுதான். தொடக்கக் கல்லூரி அல்லது பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்தவர்கள் நேரே விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே வேறொரு பட்டம் பெற்றவர்களுக்கு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி 2007 முதல் ஈராண்டு முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. அதற்கு முந்திய தலைமுறைச் சிகிச்சையாளர்கள் ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ போய்த்தான் படித்து வந்தார்கள்.

இந்தியாவில் படிக்க நினைப்பவர்களும் உண்டு. சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா, மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் ஆகியவை நெடுநாள் அனுபவமுள்ளவை. அங்கே ஒலியியல் பாடத்தில் இந்திய மொழிகளின் ஒலிகளே உதாரணமாக வரும் என்பது பெரிய லாபம். ஆனால், முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சிங்கப்பூரில் இத்தொழில் 2011ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்கு உட்பட்டது. 2013இல் அமைந்த அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிவு பெறாமல் இங்கே சிகிச்சையாளராகப் பணியாற்ற முடியாது. நீங்கள் வாங்கப்போகும் பட்டத்தை அந்தக் கவுன்சில் ஏற்குமா என்று எழுத்து மூலம் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

மொழியியல் பட்டம் மட்டும் போதுமா என்றால், போதாது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மொழியியல், பன்மொழி ஆய்வுப் பட்டம் அருமையான அடித்தளம்; அதன்மேல் சிகிச்சைப் பட்டம் வேண்டும். இதைத் தெரியாமல் மூன்றாம் ஆண்டில் மனம் உடைந்துபோகும் மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

காது எதற்கு?

பாசிர் ரிஸில் ஒரு வீவக வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டி தமிழ் மட்டும் பேசுகிறார். அப்பாவும் அம்மாவும் தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து பேசுகிறார்கள். பிள்ளை பாலர் பள்ளியில் நாள் முழுக்க ஆங்கிலம் கேட்கிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம், தமிழ் 2.5 விழுக்காடு. ஆனால், நம் பாட்டி இருக்கும் வீடு இந்தக் கட்டங்களில் எதிலும் முழுசாக அடங்காது. பிள்ளைக்கு நான்கு வயதாகியும் பேச்சு தெளியவில்லை. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரை வாங்கி, கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள். பாசிர் ரிஸிலிருந்து பூகிஸ் வரை ஒரு ரயில், அங்கே மாறினால் இரண்டாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. தேக்காவுக்குப் பக்கத்தில் மருத்துவமனை.

சிகிச்சையாளர் படங்களைக் காட்டுகிறார். மரத்தின் படம் வருகிறது. பிள்ளை ‘மரம்’ என்று உதடு மூடிச் சொல்வதில்லை; கடைசி மகரம் காணாமல் போய், உயிரொலி மூக்கில் ஒலித்து முடிகிறது. தமிழை எழுத்தில் மட்டும் பார்த்தவர் ‘சொல்லின் கடைசி மெய்யை விடுகிறது’ என்று குறித்துக்கொள்வார். ஆங்கிலப் பிள்ளைகளிடம் அது பெயரிட்டுக் கணக்கிடப்படும் ஒரு பிழைவகை. ஆனால், அந்தப் பிள்ளையின் பாட்டியும் அப்படித்தான் சொல்கிறார். நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள். பேச்சுத் தமிழில் சொல்லிறுதி மகரமும் னகரமும் பெரும்பாலும் முன்னுள்ள உயிரை மூக்கொலியாக்கிவிட்டு மறைகின்றன. பிள்ளை தன் மொழியைச் சரியாகக் கற்றிருக்கிறது.

இதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். பேச்சுவழக்கில், இயல்பான வேகத்தில், ‘அவ வந்தா’ என்று சொல்லுங்கள். அடுத்து ‘அவன் வந்தான்’ என்பதை வீட்டில் சொல்வதுபோலச் சொல்லுங்கள். இப்போது இரண்டின் கடைசி ஆகாரத்தையும் நீட்டிக்கொண்டே மூக்கை விரலால் பிடித்துப் பிடித்து விடுங்கள். முதலாவதில் ஒலி மாறாது. இரண்டாவதில் ஒவ்வொரு பிடிக்கும் மாறும். வினைமுற்றில் ஆண்பாலையும் பெண்பாலையும் பிரிப்பது அந்த மூக்கொலி ஒன்றுதான். பிளவு அண்ணத்தோடு பிறந்து, எல்லா உயிரொலியிலும் மூக்கு வழியே காற்றுக் கசியும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வேறுபாடே மங்கிப்போகும் என்பதை இங்கிருந்து நீங்களே ஊகிக்கலாம். ஒலியியல் படிப்பது இப்படித்தான் நோயாளியிடம் போய்ச் சேர்கிறது.

எழுத்தை மறந்து கேளுங்கள்

தமிழ் படித்தவர்களுக்கு ஒலியியலில் முதல் தடை தமிழ் எழுத்துதான். ககரம் ஒன்று, ஆனால் கடல், பக்கம், பங்கு, அகல் என்று நான்கையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். தொண்டையில் விரல் வைத்தால் ‘பங்கு’ என்பதில் ககரம் அதிர்வதும் ‘பக்கம்’ என்பதில் அதிராததும் தெரியும். ‘அகல்’ என்பதில் நாக்கு அண்ணத்தை முழுசாக அடைப்பதே இல்லை. மாறாக, பேச்சில் நம்மில் பலருக்கு நகரமும் னகரமும் ஒன்றே. எழுத்து இரண்டு என்பதால் ஒலியும் இரண்டு என்று காது நம்மை ஏமாற்றும்.

ழகரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். பழத்தைப் ‘பளம்’ என்று சொல்லும் வட்டாரங்கள் தமிழ்நாட்டின் தெற்கிலும் யாழ்ப்பாணத்திலும் உண்டு. சென்னைப் பக்கம் ‘பயம்’ என்பார்கள். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் இத்தனை ஊர்களிலிருந்தும் வந்தவை. ஆகவே பிள்ளை சொன்னது பிழையா என்று முடிவு செய்யுமுன் அதே படத்தை அம்மாவிடமோ பாட்டியிடமோ காட்டிப் பெயர் கேளுங்கள். வீட்டில் இல்லாத ழகரத்தைப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள் பொதுவாகப் பகர, மகரங்களைவிடப் பிந்தி வருபவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் அதிகம் கவனிக்கச் சொல்வது வேறு இரண்டு இடங்கள். ஒன்று பத்து, பட்டு. தகரத்தில் நாக்கு பல்லைத் தொடுகிறது. டகரத்தில் நுனி மடிந்து அண்ணத்தைத் தொடுகிறது. ஆங்கிலத்தின் டகரம் இரண்டுக்கும் நடுவே, பல்லீறில் பிறக்கிறது. நாள் முழுக்க ஆங்கிலம் பேசும் பிள்ளை தமிழுக்கு வரும்போது பத்தும் பட்டும் ஏறத்தாழ ஒன்றாகலாம். அது மொழிகளின் சந்திப்பு. அதைக் கோளாறு என்று எழுதிவிடக் கூடாது. மற்றொன்று புளி, புள்ளி. இங்கே வேறுபாடு முழுக்க நீளத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் மெய்யின் நீளம் பொருளை மாற்றாது. ஆகவே ஆங்கிலத்தில் தரப்படுத்திய தேர்வுகள் இதைத் தேடுவதே இல்லை. இதே கவனம் எதிர்த் திசையிலும் வேண்டும். சிங்கப்பூர் ஆங்கிலத்தில் ‘த்ரீ’ பலர் வாயில் ‘ட்ரீ’ ஆகிறது. ‘லாஸ்ட்’ என்பதன் கடைசி டகரம் விழுகிறது. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ தரப்படுத்திய தேர்வு அதைப் பிழையாக எண்ணும். சிகிச்சையாளர் எண்ணக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது?

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாம் இயலான பிறப்பியலிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்வேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, அது நல்ல பயிற்சிநூல். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து ஒலியாவதை அது வரிசையாக விவரிக்கிறது. ஒவ்வொரு விவரிப்பையும் வாயில் செய்து பாருங்கள். ரகரத்தையும் ழகரத்தையும் தொல்காப்பியர் ஏன் ஒரே விதியில் சேர்த்தார் என்று நாக்கு நுனியைக் கவனித்துக் கண்டுபிடியுங்கள். நூற்பாவை ஒப்பித்துப் பயனில்லை. ஒரு நல்ல உரையும் ஒரு சிறு கண்ணாடியும் இருந்தால் போதும்.

அதன் பிறகே அனைத்துலக ஒலியெழுத்து அட்டவணை. 1886இல் பாரிஸில் தொடங்கிய சங்கம் இன்றுவரை திருத்தித் திருத்தி வெளியிடுவது அது. மேல்வரிசை ஒலி பிறக்கும் இடம். இடப்பக்கம் ஒலிக்கும் முறை. பிறப்பியலை வாயால் படித்தவருக்கு இந்த அட்டவணை அந்நியமாக இருக்காது. குறிகளை மனப்பாடம் செய்வதில் தொடங்குபவர்கள் தேர்வில் நன்றாக எழுதுவார்கள், கிளினிக்கில் தடுமாறுவார்கள். கோளாறுள்ள பேச்சைக் குறிப்பதற்கென்று 1990இல் உருவான கூடுதல் குறிகளும் உண்டு. அவற்றைப் பட்டப்படிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகங்களில் பீட்டர் லேடஃபோகட் 1975இல் எழுதிப் பலமுறை பதிப்பித்த ஒலியியல் பாடநூல் போதும். தமிழுக்கு எலினார் கீன் 2004இல், ஒலியெழுத்து அட்டவணையை வெளியிடும் அந்தச் சங்கத்தின் ஆய்விதழில் எழுதிய சில பக்கக் கட்டுரையையும், ஹரால்டு ஷிஃப்மனின் 1999ஆம் ஆண்டுப் பேச்சுத் தமிழ் இலக்கணத்தையும் படியுங்கள். ஒயிட் சாண்ட்ஸ் கடைத்தொகுதியிலுள்ள பாசிர் ரிஸ் பொது நூலகத்தில் வேண்டிய புத்தகம் இல்லாவிட்டால், பூகிஸில் இறங்கி விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்கு நடந்துவிடலாம்.

இனி பயிற்சி. தாத்தாவிடமோ பாட்டியிடமோ அனுமதி கேட்டு, அவர்கள் ஏதாவது ஒரு பழைய கதை சொல்வதை இரண்டு நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சமையலறை வேண்டாம், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பிறகு ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து, காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். ‘வாழைப்பழம்’ என்று கை தானாக எழுதப் போகும். அவர் சொன்னது ‘வாளப்பளம்’ என்றால் அப்படித்தான் எழுத வேண்டும். அடுத்த சுற்றில் அதையே ஒலியெழுத்தில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து, முதலில் எழுதியதைப் பார்க்காமல், மறுபடி எழுதி ஒப்பிடுங்கள். எங்கெங்கே இரண்டும் வேறுபடுகின்றனவோ அங்கெல்லாம் உங்கள் காது இன்னும் பழகவில்லை. நண்பர் ஒருவரும் அதே பதிவை எழுதினால் இன்னும் நல்லது. ஊர்ப் பிள்ளைகளின் பேச்சைப் பெற்றோர் அனுமதியில்லாமல் பதிவு செய்யாதீர்கள். பேருந்தில், கீழ்த்தளத்தில் கேட்பதையும் அப்படிப் பதிவு செய்யக் கூடாது.

கண்ணால் பார்க்க பிராட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போயர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் எழுதியது. உலகெங்கும் ஒலியியல் ஆய்வாளர்கள் பயன்படுத்துவது. புளி, புள்ளி இரண்டையும் ஐந்து ஐந்து முறை பதிவு செய்து திறந்து பாருங்கள். இரு உயிர்களுக்கு நடுவே அலை மெலியும் இடம் ளகரம். அதைச் சுட்டியால் பிடித்தால் நீளம் எத்தனை மில்லிவினாடி என்று திரையில் வரும். பிறகு வீட்டில் ஆங்கிலமே பேசும் தம்பியையோ தங்கையையோ சொல்லச் சொல்லி அதே அளவை எடுங்கள். இரண்டு வரிசை எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பிள்ளையின் தமிழ் எங்கே நெகிழ்கிறது என்பது ஊகமாக இல்லாமல் அளவாகக் கையில் இருக்கும்.

மேலும் கேட்க வேண்டுமானால் ஒலி 96.8 வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சிகள் நல்லவை. அறிவிப்பாளரின் தமிழும் நேயரின் தமிழும் ஒரே நிமிடத்தில் கிடைக்கும். சிங்கப்பூர் ஆங்கிலத்துக்குத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் தொகுத்த தேசியப் பேச்சுத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது.

கோட்பாடு எவ்வளவு?

மொழியியல் கோட்பாட்டில் எல்லாம் சமமாகப் பயன்படுவதில்லை. சாம்ஸ்கி 1957இல் தொடங்கிய தொடரியல் மரபை அறிந்திருக்க வேண்டும். அதன் அண்மைக்கால நுட்பங்களில் ஓராண்டைச் செலவிட வேண்டியதில்லை. ஒலியனியலிலும் உருபனியலிலும் பயன்வழியியலிலும் அந்த நேரத்தைச் செலவிடுங்கள். ரோமன் யாக்கப்சன் 1941இல், பிள்ளை ஒலிகளைக் கற்கும் வரிசையும் மூளைப் பாதிப்பில் அவற்றை இழக்கும் வரிசையும் ஒன்றுக்கொன்று எதிர்முகமானவை என்று வாதிட்டார். அந்த வாதம் முழுசாக நிற்கவில்லை. ஆனாலும் பிள்ளையின் பேச்சிலும் பக்கவாத நோயாளியின் பேச்சிலும் ஓர் ஒழுங்கைத் தேட வேண்டும் என்ற பார்வை நிலைத்துவிட்டது. டேவிட் இங்ரம் 1976இல் வெளியிட்ட நூல் அதைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தது: பிள்ளையின் பிழைகளைத் தனித்தனி ஒலிகளாக எண்ணாமல், அவற்றின் பின்னுள்ள விதியைத் தேடு என்றது. கத்தியைத் ‘தத்தி’ என்றும் காகத்தைத் ‘தாதம்’ என்றும் சொல்லும் பிள்ளைக்கு இருப்பது ஒரே விதி: பின்னண்ண ஒலி முன்னே வருகிறது. விதியைக் கண்டால் சிகிச்சைக்கு எந்தச் சொற்களை எடுப்பது என்பது விளங்கிவிடும்.

உருபனியல் தமிழுக்கு இன்னும் முக்கியம். ஆங்கிலப் பிள்ளையின் வளர்ச்சியை மதிப்பிட, ஒரு கூற்றில் சராசரியாக எத்தனை சொல், எத்தனை உருபன் என்று எண்ணுவது வழக்கம். தமிழ்ப் பிள்ளை ‘போகமாட்டேங்கிறான்’ என்று சொல்கிறது. சொல்லை எண்ணினால் ஒன்று. அதற்குள் வினை, மறுப்பு, காலம், ஆள், பால் எல்லாம் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இதைச் சொல்லப் பல சொற்கள் வேண்டும். எண்ணும் முறையைப் பிரித்தறியாத ஒருவர் இந்தப் பிள்ளையை ‘ஒற்றைச் சொல் பருவம்’ என்று எழுதிவிட முடியும். சொல்லைப் பிரித்து உருபனை எண்ணத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும்.

இருமொழிப் பிள்ளையை மதிப்பிடும்போது மறக்கக் கூடாத ஒரு விதி உண்டு. உண்மையான மொழிக் கோளாறு இருந்தால் பிள்ளையின் இரு மொழியிலும் அது தெரியும். ஒரு மொழியில் மட்டும் தடுமாற்றம் என்றால் அது பழக்கக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். இரு மொழி கேட்பதால் கோளாறு வருவதில்லை. ஆனாலும் ‘பேச்சு வரும்வரை வீட்டில் தமிழை நிறுத்துங்கள்’ என்ற அறிவுரை பெற்றோர் காதில் எங்கிருந்தாவது விழுந்துகொண்டே இருக்கிறது. அதை நம்பி நிறுத்தும் வீட்டில் பாட்டியும் பேரனும் பேச மொழியில்லாமல் போகிறது. இந்த அறிவுரையை ஆதாரத்தோடு மறுக்கும் அறிவு உங்களுக்கு முதலாண்டிலேயே வந்துவிட வேண்டும்.

பெரியவர்கள் பக்கம் ஒரு வார்த்தை. சிமேயில் உள்ள சாங்கி பொது மருத்துவமனைதான் பாசிர் ரிஸ்காரர்களுக்கு அருகிலிருக்கும் பெரிய மருத்துவமனை. பக்கவாதத்தில் பேச்சிழந்த ஒரு தமிழ் முதியவருக்குத் தமிழோடு சந்தை மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் இருந்திருக்கலாம். மூன்றும் ஒரே அளவில் திரும்ப வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்த மொழியில் யாரிடம் பேசினார் என்று குடும்பத்திடம் விசாரித்து, அந்த மொழியில் தொடங்க வேண்டும். ‘ஐயா, சாப்பிட்டீங்களா?’ என்று கேட்பதற்கும் படம் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்பதற்கும் கிடைக்கும் பதில்கள் வேறுவேறாக இருக்கும். எழுபது வயதுக்காரரைப் படம் காட்டிச் சோதிப்பது அவருக்கு அவமானமாகப் படலாம். பயன்வழியியல் பாடத்தில் மரியாதைச் சொற்கள் பற்றி வருவது இங்கே நேரே வேலைக்கு ஆகும்.

மருத்துவமனை வேலையில் கணிசமான பகுதி பேச்சைப் பற்றியதே அல்ல, விழுங்குவதைப் பற்றியது என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். நாக்கு, குரல்வளை, மென்னண்ணம் ஆகியவற்றின் உடற்கூற்றை ஒலியியலில் ஒழுங்காகப் படித்தவர்களுக்கு அது சிரமமாக இருக்காது. பிள்ளைகளோடு மட்டும் பணியாற்ற விரும்புகிறவர்களுக்கு ஆரம்பகாலத் தலையீட்டு நிலையங்கள், சிறப்புக் கல்விப் பள்ளிகள், 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற இடங்கள் உண்டு.

விண்ணப்பக் கடிதத்தில் ‘மக்களுக்கு உதவ ஆசை’ என்று எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள், பாட்டியின் ஒரு நிமிடப் பேச்சை எழுதிப் பார்த்தபோது என்ன கேட்டீர்கள் என்று எழுதுங்கள். தமிழில் பேசி மதிப்பிட உங்களால் முடியும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். பள்ளியில் தமிழ் சுமார்தான் என்று தயங்கி அதை விட்டுவிடாதீர்கள்; கிளினிக்குக்கு வேண்டியது வீட்டில் பேசும் தமிழ், அது உங்களிடம் இருக்கிறது. அந்தத் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் சிகிச்சையாளர் நம் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் வேண்டும். தயவுசெய்து விண்ணப்பியுங்கள்.